தோல் பறையா, ஃபைபர் பறையா? போட்டி மேடையில் இரண்டையும் பார்த்தபின் எழுதுகிறேன்

பள்ளிக்குப் பறை வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் கிடையாது. கலைத்திருவிழா வந்தால் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது அரசுப் பள்ளிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தக் கலைப் போட்டியைப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கியது. பள்ளியில் தேர்வானவர்கள் வட்டாரத்துக்கும், அங்கே வென்றால் மாவட்டத்துக்கும், பிறகு மாநிலத்துக்கும் போவார்கள். மாநிலத்தில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோல் கருவிப் பிரிவில் பறை அடிப்பதற்காகத்தான் இந்தக் கொள்முதல் முழுவதும் நடந்தது. போட்டி மேடைக்கு ஒரு தோல் பறை, அவளோடு சேர்ந்து பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு ஃபைபர் பறைகள்.

முதலில் தோல் பறை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு பெரியவர் செய்கிறார். சொந்தப் பயன்பாட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் மட்டும்தான். கடை, பெயர்ப் பலகை எதுவும் இல்லை. வேப்ப மரத்தை மூன்று வளைந்த துண்டுகளாக அறுத்து, இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டமாக்குகிறார். அதன்மேல் கன்றுத் தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ரெடிமேட் பசை போட்டால் என்ன என்று கேட்டேன். "அது காய்ச்சும்போது விட்டுவிடும் டீச்சரம்மா" என்றார். அதற்குமேல் விளக்கம் தரவில்லை. காய்ச்சுவது என்றால், அடிக்கும் முன் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது. விலை 3,500 ரூபாய். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை, அவரும் இடம் கொடுக்கவில்லை.

அவர் தோல் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ந்த தோலை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் எங்கே கூடுதலாக ஊடுருவுகிறது, எங்கே மங்குகிறது என்று விரலால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் காய்ச்சும்போது சூடு சீராக ஏறாது, ஓசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும் என்றார். முதலில் எடுத்த தோலை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பறை என்றாலும் வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். விற்பவர் முகம் சுளித்தால் வேறிடம் போங்கள்.

ஃபைபர் பறைகளை இணையக் கடை ஒன்றில் வாங்கினோம். ஒன்று 1,900 ரூபாய். இரும்பு வளையம், அதில் இறுக்கிப் பொருத்திய வெள்ளை ஃபைபர். பெட்டியைப் பிரித்ததும் பையன்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கி மாட்டிக்கொண்டார்கள். அடித்தவுடன் ஒலித்தது. இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. தோல் பறையை எடுத்தவுடன் அடிக்க முடியாது. குளிர் காலையில் அது பேசவே பேசாது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பயிற்சி கொடுக்க வேண்டிய எனக்கு, எடுத்தால் ஒலிக்கும் கருவியின் அருமை தெரியும். கீழே போட்டார்கள், மழையில் நனைத்தார்கள், ஒருவன் அதன்மேல் உட்காரவே உட்கார்ந்தான். ஒன்றும் ஆகவில்லை.

குறை என்று பார்த்தால், ஒரு வளையத்தில் பற்றவைத்த இடத்தைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். ஒரு பையனின் உள்ளங்கை கீறிவிட்டது. கடைக்கு எழுதினேன், படம் அனுப்பினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது, அத்தோடு சரி. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் இருபது ரூபாய்க்குத் தேய்த்துக் கொடுத்தார்கள். கூடவே வந்த குச்சிகள் வெறும் குப்பை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி ஓசைக்கு வருகிறேன். போட்டிக்கு வாங்குகிறவர்களுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

பறையில் இரண்டு குச்சிகள். வலது கையில் குட்டையும் தடிமனுமாக அடிக்குச்சி, பூவரசில் செய்வார்கள். இடது கையில் நீளமாக, மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. அடிக்குச்சி நடுவில் விழும்போது ஒரு குரல், சிம்பு தோலின்மேல் படிந்து விழும்போது வேறொரு குரல், இரண்டும் சேர்ந்து விழும்போது மூன்றாவது. தோல் பறையில் இந்த மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தனித்தனியே தெரியும். நடு அடி நெஞ்சில் வந்து மோதும், சிம்பு அதன்மேல் சுள்ளென்று ஏறும். ஃபைபரில் எல்லாமே சுள்ளென்றுதான். நடு அடியின் கனம் வருவதே இல்லை, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு கணகணப்பு நீண்டுகொண்டு போய் அடுத்த அடியை மறைக்கிறது. மைக் முன்னால் இது இன்னும் மோசம். திறந்த மைதானத்தில், மைக் இல்லாமல், பத்துப் பேர் சேர்ந்து அடித்தால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. தனி ஆளாக, மூன்று நடுவர்களுக்கு எதிரே நின்று அடித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

வட்டாரப் போட்டியன்று விடாத மழை. தோல் பறை தொய்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டி போல் ஒலித்தது. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்; சூடு காட்டினால் ஈரம் போய் இழுத்துக்கொள்ளும். அதற்கு நெருப்பு வேண்டும். போட்டி நடந்ததோ இன்னொரு பள்ளியில். அந்தத் தலைமையாசிரியர் நெருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர்மேல் தவறில்லை, கூட்டம் அப்படி. ஃபைபர் பறையோடு எங்கள் மாணவி மேடை ஏறினாள். அடியில் ஒரு பிசகும் இல்லை. முதலிடமும் வந்தது. ஆனால் இறங்கி வரும்போது நடுவர்களில் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "கை சுத்தமாக இருக்கிறது, பறைதான் ஒரே குரலில் பேசுகிறது. மாவட்டத்துக்குத் தோலில் வா" என்று சொல்லி அனுப்பினார். இந்த ஒரு வாக்கியம்தான் ஃபைபர் பறைக்கு என் மதிப்புரை என்று வைத்துக்கொண்டாலும் சரி.

மாவட்டப் போட்டிக்கு நாங்களே ஆயத்தமாகப் போனோம். பழைய இரும்புச் சட்டி ஒன்று, ஒரு கட்டுப் பழைய வினாத்தாள்கள். வைக்கோல்தான் முறை, ஆனால் ஈர வைக்கோல் புகையும், எரியாது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், அனுமதி வாங்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு பற்றவைத்தோம். நான் நடத்திய காலாண்டுத் தேர்வு அல்ஜீப்ரா நன்றாகவே எரிந்தது. அவள் பறையை நெருப்புக்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அந்த இடம் கருகி வெடித்துவிடும். நடுநடுவே பறையைக் காதருகே கொண்டுபோய் நடுவிரலால் ஒரு தட்டு. முதலில் மொத்தென்று வந்த ஓசை, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. எனக்குப் போதும் என்று பட்டபோது அவள் தலையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் டீச்சர், விளிம்பு ஏறவில்லை" என்றாள். அந்த வித்தியாசம் என் காதுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

காய்ச்சிய பறை அப்படியே நிற்காது. மழை நாளில் கால் மணி, அரை மணிக்குள் மறுபடி இறங்கத் தொடங்கும். ஆகவே எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக் காய்ச்ச வேண்டும். வரிசை எண் வைத்துக்கொண்டு அறிவிப்பாளரிடம் ஓர் ஆளை நிற்கவைத்தேன். வரிசை மாறியது, எப்போதும்போல. இரண்டு முறை காய்ச்சினோம். கடைசியில் மாவட்டத்தில் இரண்டாம் இடம். முதலிடம் வாங்கிய பையன் உறுமி வாசித்தான். நான் நடுவராக இருந்திருந்தாலும் அவனுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

விலை, ஓசை இரண்டிலும் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். ஃபைபர் என்றால் அடிக்கட்டும், தோல் பறையைத் தன் பிள்ளை தொடக் கூடாது என்றார். காரணத்தை அவர் சொல்லவில்லை, எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காக 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியை நூலகத்துப் பத்திரிகையில் எடுத்து மேசைமேல் வைத்தேன். படித்தார், மடித்தார், போய்விட்டார். பையன் இன்னும் ஃபைபர்தான் அடிக்கிறான். சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கிய கருவியை அரசே மேடையேற்றிய பிறகும், தோலை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஏற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. ஃபைபர் வருவதால் நாலு பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. நான் தொடர்ந்து இரண்டையும் வாங்குவேன், அந்த அப்பாவுக்காக அல்ல.

குச்சி விஷயம். இணையக் கடை அனுப்பிய சிம்புக்குச்சிகள் முதல் வாரத்திலேயே நுனி பிளந்துவிட்டன. பிளந்த நுனி தோலைக் கிழிக்கும், கவனம். பெரியவரிடம் ஜோடி நூறு ரூபாய்க்கு வாங்கிய குச்சிகள் இன்னும் இருக்கின்றன. எவ்வளவு வாங்குவது என்று கேட்டால், ஒரு பறைக்கு மூன்று சிம்புக்குச்சியாவது கையிருப்பு வேண்டும். போட்டியன்று மேடையில் ஒன்று உடைந்தால் இடுப்பில் இன்னொன்று செருகியிருக்க வேண்டும்.

தோல் பறையை வைக்கும் இடம் தரையாக இருக்கக் கூடாது. நாங்கள் அறிவியல் ஆய்வகத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். ரெக்சின் பையில் போட்டு மூடி வைத்தால் உள்ளே வியர்த்துத் தோல் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணிப் பை போதும். எலி வரும் அறை என்றால் முதலில் எலிக்கு வழி பாருங்கள்.

கையில் 4,000 ரூபாய்தான் இருக்கிறது, ஒரு மாணவர்தான் போட்டிக்குப் போகிறார் என்றால் யோசிக்காமல் தோல் பறை. பத்துப் பேருக்குப் பறை கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள், போட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஃபைபர் தாராளமாகப் போதும், வளையத்தின் உள்பக்கத்தை மட்டும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவரின் முகவரியை இங்கே போடவில்லை. தை மாதம்வரை அவர் கையில் வேலை இருக்கிறது, அதற்குள் ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.