கிட்னிக்குச் சீன மூலிகைக் கூட்டு கேப்ஸ்யூல்: மூன்று மாதச் சம்பளம் போச்சு, உஷார்!

மூன்று மாதச் சம்பளம். ஆறு மாதக் கோர்ஸ் என்று மொத்தமாகக் கட்டிய பணம், சல்லிக்காசு திரும்பவில்லை. கடையின் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். ஆன்லைன் மூலிகைக் கடை. வீடியோ காலில் வெள்ளைக் கோட்டு ஆலோசகர். நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் சீன மருத்துவத்தின் ஐந்து தாவரச் சேர்மங்களைச் சேர்த்த ஒரே கேப்ஸ்யூல்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். அந்த ஆள் உளறவில்லை. அஸ்ட்ராகலஸ் வேரின் அஸ்ட்ராகலோசைடு-4, ருபார்ப் வேரின் ரெய்ன், டான்ஷென் வேரின் டான்ஷினோன், காப்டிஸின் பெர்பெரின், லெய் கோங் டெங் கொடியின் டிரிப்டோலைடு என வரிசையாகச் சொன்னார். ஒன்று வீக்கத்தைக் குறைக்கும், ஒன்று தழும்பாவதைத் தடுக்கும், சேர்ந்தால் பலம் கூடும் என்றார். எல்லாமே ஆய்வுகளில் உள்ள பெயர்கள். தேடினால் கட்டுரைகளும் வரும்.

அவர் சொல்லாமல் விட்டது இது. அவற்றில் பெரும்பாலானவை செல்களிலும் எலிகளிலும் செய்தவை. எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க் குழாயைக் கட்டி, ஓரிரு வாரத்தில் உண்டாகும் தழும்பை அளக்கிறார்கள். மனிதருக்குச் சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் பல வருடமாகப் பழுதாகும் சிறுநீரகம் அதுவல்ல. அளவையும் பாருங்கள். அஸ்ட்ராகலோசைடு-4 எலிக்குக் கிலோவுக்கு 50 மி.கி. என்றால், எலி அளவை மனித அளவாக்கும் வழக்கமான கணக்கில் 6.2-ஆல் வகுக்க, 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 480 மி.கி. நல்ல அஸ்ட்ராகலஸ் வேரிலேயே அஸ்ட்ராகலோசைடு-4 சுமார் 0.1 சதவீதம்தான். அதாவது தினம் அரைக் கிலோ வேர் வேண்டும்! டப்பாவில் இருந்ததோ "கூட்டுக் கலவை 500 மி.கி." என்ற ஒரே வரி. எது எவ்வளவு என்று கிடையாது. டிரிப்டோலைடு மைக்ரோகிராம் கணக்கில் பேச வேண்டிய பொருள். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கல்லீரல், எலும்பு மஜ்ஜை, கருவுறும் திறன் எல்லாவற்றையும் அது கெடுக்கும். அதன் அளவை மறைப்பதைக் குற்றம் என்றுதான் சொல்வேன்.

சேர்ப்பதில் வேறு ஆபத்துகளும் உண்டு. ருபார்ப் பேதியாக்கும். நீரிழப்பு வந்தால், ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவருக்குச் சிறுநீரகம் திடீரென்று சரியலாம். டான்ஷென், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக் கசிவு உண்டாக்கும். பெர்பெரின், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் தொடவே கூடாது.

அடுத்து அந்த லேப் சான்றிதழ். "அரிஸ்டோலோகிக் அமிலம்: கண்டறியப்படவில்லை" என்று மட்டும் இருந்தது. சில மூலிகைகளில் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு அது. எந்த முறை, எவ்வளவு நுணுக்கம் வரை தேடினார்கள், எந்த பேட்ச், ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட தாள் செல்லாது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை எடுத்தவர்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. ஸ்டெஃபானியா வேர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த அமிலம் உள்ள அரிஸ்டோலோகியா செடி கலந்திருந்தது. இரண்டுமே அப்போது "ஃபாங் ஜி" என்ற பெயரில் விற்கப்பட்டவை. அந்த அமிலம், மூலிகையை நிறுத்திய பிறகும் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டே போகும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும்.

முதல் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும்) 2.8-இலிருந்து 2.5 ஆனது. "பார்த்தீங்களா!" என்றார்கள். அவர்கள் கொடுத்த உணவுத் தாளில் இறைச்சி அறவே கிடையாது, எடையும் குறைந்திருந்தது. இறைச்சி நின்று தசை கரைந்தாலே கிரியாட்டினின் இறங்கும், சிறுநீரகம் தேறியதாக அர்த்தமில்லை. தசையை அவ்வளவாகச் சாராத இன்னொரு சிறுநீரக ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்த்தபோது அது ஏறியிருந்தது, சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதமும் குறையவில்லை.

கேட்டதற்கு முதல் பதில்: "நச்சு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்." அடுத்து: "பிரஷர் மாத்திரையை நிறுத்தலையா, அதான்." அளவு விவரம் கேட்டால் "தொழில் ரகசியம்." பணம் கேட்டால் "சீல் உடைச்ச டப்பாவுக்கு ரீஃபண்ட் இல்லை." உடைக்காத டப்பாக்களுக்குக் கேட்டதும் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம்!

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. ஒவ்வொரு பொருளின் மி.கி. இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். பேட்ச் எண், பரிசோதனை முறை, கண்டறியும் வரம்பு (எவ்வளவு சிறிய அளவு வரை கண்டுபிடிக்க முடியும் என்பது), ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் அளவு, இவை இல்லாத சான்றிதழை நம்பாதீர்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். பிரஷர் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்றே கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் டெஸ்ட் எடுங்கள். மிச்ச கேப்ஸ்யூலைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.