மூன்று கோடையாக ஒரு ஐஸ் டீ குடுவை

விலை குறைந்திருக்கிறது என்று போன வாரம் தங்கை அழைத்தாள். "அக்கா, உன் வீட்டில் இருக்கிறதே, தேயிலையை ஊறவைக்கும் கண்ணாடிக் குடுவை, அதை நானும் வாங்கட்டுமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த நேரத்தில் அதன் மூடியிலிருந்து சிலிக்கோன் வளையத்தை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடுவை தரும் தேநீரில் குறை சொன்னால் வாய் கூசும். முன்பெல்லாம் டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, சூடு தணியும் முன்பே ஃபிரிட்ஜில் வைப்பேன். மாலையில் எடுத்தால் செம்மண் கரைத்ததுபோல் கலங்கியிருக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் காஃபினும் குளிரில் ஒன்றாகத் திரள்வதால் வரும் கலங்கல் அது. இந்தக் குடுவையில் இலை குளிர்ந்த நீரில் ஊறும்போது இரண்டுமே குறைவாகத்தான் இறங்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் நீலகிரி இலைத் தேயிலை, ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம். இரவு வைத்தால் காலையில் தேன் நிறத்தில், அடியில் கிடக்கும் இலை நரம்பு தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. ஐஸ் போட்டாலும் கலங்காது என்பதுதான் நீலகிரித் தேயிலைக்கு இருக்கும் பெயர். என் சமையலறையில் அது பொய்த்ததே இல்லை. குளிர்ந்த நீரில் சர்க்கரை எளிதில் கரையாது, சம அளவு தண்ணீரில் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும். தேநீரை டம்ளரில் ஊற்றிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் போதும். தேன் நிறம் கண்ணெதிரே இன்னும் வெளுக்கும்.

கண்ணாடியில் கீறல் இல்லை, இலையை வடிகட்டும் வலை துருப்பிடிக்கவில்லை. வளையம்தான் என் பொறுமையைத் தின்கிறது. ஃபிரிட்ஜில் தோசை மாவு இருக்கும் வாரமெல்லாம் அதன் புளிப்பு வாடையை வளையம் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இவ்வளவு மென்மையான மணமுள்ள தேநீரில் முதல் வாயிலேயே மாவு வாடை அடித்தால் எப்படி இருக்கும்? சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தேன், மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். நான்கு நாள்தான் வாடை வராமல் இருந்தது. இரண்டாவது கோடையில் வளையம் உட்காரும் பள்ளத்தில் கடுகில் பாதி அளவுக்குக் கரும்புள்ளிகள். வாயில் போகும் பொருளில் பூஞ்சை!

விற்றவர்களிடம் கேட்டேன். வளையம் தனியாகக் கிடையாது, மூடியோடுதான் வாங்க வேண்டும் என்றார்கள். மூடி இருப்பில் இல்லை, புதுக் குடுவையே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். குக்கர் காஸ்கெட் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கிறது. விரல் பருமன்கூட இல்லாத ஒரு வளையத்துக்காக நல்ல கண்ணாடியைக் குப்பையில் போடச் சொல்பவர்களுக்கு, தாங்கள் செய்த பொருளின் மேலேயே மதிப்பு இல்லை. பொருள் நன்றாக இருப்பதால்தான் இந்தக் கோபம்.

தங்கையிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அதே இலையை ஊறவைத்து, நைந்த பருத்தித் துணியில் வடிகட்டினால் இதே தேநீர் வரும். இரண்டு நாளுக்குள் குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் என் குடுவையைத்தான் தொடர்ந்து பயன்படுத்தப்போகிறேன், கழுவும்போதெல்லாம் வளையத்தைக் கழற்றித் தனியே காயவைத்துக்கொண்டு. வளையத்தைத் தனியாக விற்கத் தொடங்கினால் அன்றைக்கே அவளுக்கும் ஒரு குடுவை வாங்கிக் கொடுப்பேன்.