காலை நடை நிற்காமல் இருக்க: மாதக் காலண்டரா, கூட வரும் ஆளா?

ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள் வேகமாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 150 நிமிடக் கணக்கு முடிந்துவிடும். பலருக்கு நடையை நிறுத்துவது கால்வலி அல்ல, சலிப்பு. அதைத் தாண்ட இரண்டு வழி: நடந்த நாளை மாதக் காலண்டர் கட்டத்தில் குறிப்பது, அல்லது கூட நடக்க ஒருவரைத் துணை சேர்ப்பது.

செலவு
காலண்டர்: ஒரு பேனா.
துணை: காசில்லை, ஆனால் அவர் நேரத்துக்கும் வளைய வேண்டும்.

தொடக்கம்
காலண்டர்: இன்றே.
துணை: பக்கத்துத் தெருவில், நம் வேகத்தில் நடப்பவர் அமைய வேண்டும்.

எழுப்பிவிடும் பலம்
காலண்டர்: தூறல் விழுந்தால் வாய் திறக்காது.
துணை: வாசலில் வந்து நிற்பார். சாக்கு எடுபடாது.

எங்கே உடையும்
காலண்டர்: ஒரு கட்டம் காலியானதும் ‘எல்லாம் போச்சு’ என்று மொத்தமாக விட்டுவிடுவார்கள். வீண் பயம். 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், பழக்கம் தானாக வர ஆன நாட்களின் நடுமதிப்பு 66. ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட தேதியை வட்டமிட்டு, மறுநாள் கட்டாயம் இறங்குங்கள். பத்து நிமிடமானாலும் சரி.
துணை: அவர் ஊருக்குப் போனால் இரண்டு பேர் நடையும் நிற்கும். அரட்டை கூடினால் வேகம் குறையும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

படுக்கையை விட்டு எழுவதே பாடு என்பவருக்குத் துணைதான். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்குக் காலண்டர். அதைச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டுங்கள், பேனாவை நூலில் கட்டி.