கிறிஸ்டோபர் டோல்கீனுக்கு எப்படி மரியாதை செய்யலாம்: மேடையா, தொடர் வாசிப்பா, மொழிபெயர்ப்பா, பாட ஒப்பீடா?

அப்பா எழுதிப் போட்டுவிட்டுப் போனதை மகன் புத்தகமாக்கினார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிக்குள் 45 ஆண்டு உழைப்பு கிடக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய அப்பா ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1973 செப்டம்பர் 2 அன்று காலமானார். 1975இல் மகன் கிறிஸ்டோபர் ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ் வேலையை விட்டார். 1977இல் 'தி சில்மரில்லியன்', 1980இல் 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்', 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக அப்பாவின் கற்பனை உலகமான மிடில்-எர்த்தின் வரலாறு, 2007இல் ஹூரினின் பிள்ளைகள் கதை, கடைசியாக 2018இல் கோண்டோலின் நகரத்தின் வீழ்ச்சி என்று வரிசையாக வந்தன. 2020 ஜனவரி 16 அன்று, 95 வயதில், பிரான்சில் மறைந்தார்.

சென்னையில் ஒரு வாசகர் வட்டம் இவருக்கென ஒரு நாளை ஒதுக்க நினைத்தால் நான்கு வழிகள் பேச்சில் அடிபடும். நான்கில் ஒன்றுதான் பதிப்பாசிரியர் என்ற வகையில் அவரைத் தொடுகிறது. மற்ற மூன்றும் அப்பாவைச் சுற்றியே வட்டமடிக்கும்.

நினைவேந்தல் கூட்டம்

நடத்த எளிதானது இதுதான். சிறு அரங்கு, ஒரு மைக், படத்துக்கு மாலை, மூன்று பேச்சாளர்கள், ஒன்றரை மணி நேரம். கெட்டுப்போவதற்கும் இதுவே எளிது. தலைப்பைத் திறந்தபடி விட்டால் முதல் பேச்சாளர் திரைப்படங்களுக்குப் போவார், இரண்டாமவர் அப்பாவின் நாவலுக்குப் போவார், மகனுக்கு நன்றியுரைக்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் மிஞ்சும்.

ஆளுக்கு ஒரு குறுகிய தலைப்பைக் கையில் கொடுத்துவிடுவதே மருந்து. 1944இல் தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த மகனுக்கு அப்பா அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பிய கதை ஒருவருக்கு. 1954இல் அப்பாவின் நாவலோடு அச்சான மிடில்-எர்த் வரைபடத்தை வரைந்ததும், 1980 நூலுக்காக அதையே திருத்தி வரைந்ததும் இன்னொருவருக்கு. 1960இல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஹெய்த்ரெக் மன்னன் சாகா என்ற பழங்கதையை மொழிபெயர்த்தது மூன்றாமவருக்கு. இந்த மூன்றாவதை விடவே கூடாது. அப்பாவின் தாள்களைத் தொடுமுன்பே இவர் தேர்ந்த பதிப்பாளர் என்பதற்கு அதுதான் சான்று. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் போட்லி பதக்கம் தந்தது வாரிசு என்பதற்காக அல்ல என்பதும் அங்கே விளங்கிவிடும்.

தொடர் வாசிப்பு

'சில்மரில்லியன்' முழுவதையும் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய 15 மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 45 முறை கைமாற வேண்டும். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. நடைமுறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் வாசிப்பவரும் அடுத்து வாசிக்கப்போகிறவரும் மட்டுமே இருப்பார்கள். பெரென், லூத்தியன் என்ற காதலர்களின் அத்தியாயம் ஒன்றை மட்டும் எடுங்கள். அதுவே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் அப்பா அம்மா கல்லறையில் பொறித்த பெயர்களும் அவைதான்.

பெயர் உச்சரிப்பில்தான் வாசிப்பு தடுக்கும். டோல்கீன் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்காக உருவாக்கிய மொழிகளில் ஆங்கில 'C' எழுத்து எங்கே வந்தாலும் 'க்' ஒலிதான்: கெலெபோர்ன், கிர்தான். வாசகர்களுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்துவிட்டால் பாதித் தடுமாற்றம் குறையும்.

இதன் அடிப்படைக் குறை வேறு. 1977 நூல் தையல் வெளியே தெரியாதபடி தைத்த துணி. கை கேவ்ரியல் கே என்ற எழுத்தாளரின் உதவியுடன் கிறிஸ்டோபர் பல பத்தாண்டுத் தாள்களை ஒரே ஓட்டமாக்கினார். காதால் கேட்பவருக்கு அந்த வேலை தெரியவே தெரியாது. மரியாதை முழுவதும் அப்பாவுக்கே போய்ச்சேரும்.

தமிழாக்கம்

ஆசை நல்லது, அனுமதி முதலில். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு மறைவுக்குப் பின் 60 ஆண்டு. அப்படியானால் அப்பா தாமே வெளியிட்ட நூல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. மறைவுக்குப் பின் வெளிவந்தவற்றுக்குக் கணக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து தொடங்கும். 1977 நூலுக்கு 2037 முடிவு. கிறிஸ்டோபர் தாமே எழுதிய முன்னுரைகள், குறிப்புகளுக்கு 2080 முடிவு. இந்த மூன்று தேதிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பொதுவில் நியாயமான அளவு பகுதியை வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. அத்தியாயத்தைத் தமிழாக்கி வெளியிட இடம் தரவில்லை. ஒருநாள் நிகழ்ச்சிக்கு இது பொருந்தாது என்பதால் மேலே பேச ஒன்றுமில்லை.

பாட ஒப்பீட்டுப் பட்டறை

எங்கள் வாக்கு இதற்கே. பாடபேதம் என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் ஒரு நூலகமே இருக்கிற ஊர் இது. ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மூலம், எது பிற்சேர்க்கை என்று பார்க்கும் வேலைதான் கிறிஸ்டோபர் செய்ததும். ஒரு சிக்கல் மட்டும் புதிது: இங்கே எல்லாப் பாடமும் ஒரே ஆசிரியருடையது. பல ஏடுகளிலிருந்து தொலைந்த மூலத்தைத் தேடிப் போகும் பதிப்பாளருக்கு ஒரு இலக்கு உண்டு. இவருக்கு அது இல்லை. அப்பா கடைசியாக எழுதியதா, முழுமையாக எழுதியதா என்ற தேர்வு மட்டுமே. கடைசியாக எழுதியது பல இடங்களில் பாதியில் நின்றுவிடும். மேலும் ஆரம்பகாலத் தாள்களில் அப்பா பென்சிலில் எழுதி, அதன் மேலேயே மையில் எழுதி, அடியில் இருந்த பென்சிலை அழித்துவிட்டார். பல இடங்களில் முதல் பாடம் மீட்க வழியின்றிப் போனது.

12 முதல் 16 பேர் போதும். நான்கு பேர் கொண்ட குழுக்கள். மேசை அவசியம், மேடை வேண்டாம். குழுவுக்கு ஒரு ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து மேலிருந்து கீழாக மூன்று பத்தி கோடு போடுங்கள். ஒப்பிட எடுக்கும் பகுதி ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழு கதையில் மூழ்கிவிடும், ஒப்பீடு நின்றுவிடும்.

புதியவர்களுக்கு எளிய ஜோடி அப்பாவின் நாவலில் வரும் பிரீ ஊர் விடுதிக் காட்சி. மிடில்-எர்த் வரலாற்றில் 1988இல் வந்த ஆறாம் தொகுதியில் உள்ள முதல் வரைவில் மூலையில் உட்கார்ந்திருப்பவன் டிராட்டர் என்ற ஹாபிட், அதாவது சிறிய உருவ இனத்தவன். காலில் மரச் செருப்பு. அச்சான நாவலில் அந்த இடத்தில் இருப்பவன் ஸ்டிரைடர், அதாவது அரகோர்ன் என்ற மனிதன். ஆளே மாறியும் காட்சியின் எலும்பு மாறவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும்போது குழுவுக்கு உற்சாகம் வந்துவிடும்.

ஓரளவு படித்தவர்களுக்குப் பெரென் சிறைப்படும் இடம். 1984இல் வந்த இரண்டாம் தொகுதிப் பழங்கதையில் அவனைப் பிடித்து வைத்திருப்பது டெவில்தோ, பூனைகளின் இளவரசன். 1985 தொகுதியின் செய்யுளில் அதே இடத்துக்கு தூ என்ற மந்திரவாதி வருகிறான். 1977 நூலில் அது சௌரான். செய்யுளையும் உரைநடையையும் வரிக்கு வரி ஒப்பிட முயலாதீர்கள். நடுப்பத்தியில் நிகழ்வுகளை மட்டும் குறியுங்கள்.

குறிக்க மூன்று நிறப் பேனா: பெயர் மாற்றத்துக்கு நீலம், நிகழ்வு மாற்றத்துக்குச் சிவப்பு, தொனி மாற்றத்துக்குப் பச்சை. 40 நிமிடம் கழித்து ஒவ்வொரு குழுவும் எதை அச்சிடும் என்று எழுதித் தர வேண்டும், காரணம் இரண்டு வரியில். அதற்குப் பிறகுதான் கிறிஸ்டோபரின் குறிப்பைத் திறப்பது. முதலிலேயே திறந்துவிட்டால் எல்லாரும் அவர் சொன்னதையே சொல்வார்கள். பட்டறை அங்கேயே முடிந்தது.

கடைசி அரை மணி நேரத்துக்கு அவருடைய இரண்டு பிழைகளை வைத்துக்கொள்ளுங்கள். எல்ஃப் மன்னன் கில்-கலாட் யார் மகன்? 1977 நூலில் ஃபிங்கோன் மகன். 1996இல் வந்த 12ஆம் தொகுதியில், அப்பாவின் முடிவான கருத்துப்படி ஒரோத்ரெத் மகன் என்று அவரே திருத்துகிறார். டோரியாத் என்ற எல்ஃப் ராஜ்யம் அழியும் அத்தியாயம் இன்னும் கனமானது. அப்பாவின் தாள்கள் அங்கே ஒன்றோடொன்று பொருந்தாததால் அவரும் கேயும் தாங்களே கட்டிய பகுதி அது. 1994இல் 11ஆம் தொகுதியில், பதிப்பாளரின் எல்லையை அந்த அளவுக்கு மீறாமலே சிக்கலைத் தீர்த்திருக்கலாம் என்று அச்சில் ஒப்புக்கொண்டார். தன் பெயருக்குப் புகழ் தந்த நூலையே அடுத்த 19 ஆண்டில் தானே பிரித்துக் காட்டியவர் அவர். இதை எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

தேதி

மறைந்த நாளான ஜனவரி 16 மாட்டுப் பொங்கலிலோ காணும் பொங்கலிலோ விழும், யாரும் வரமாட்டார்கள். பிறந்த நாள் நவம்பர் 21, வடகிழக்குப் பருவமழையின் நடுவில். மார்ச் 25 உலகெங்கும் டோல்கீன் வாசிப்பு நாள்தான், ஆனால் இங்கே அது தேர்வுக் காலம், மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள். 'சில்மரில்லியன்' வெளிவந்த செப்டம்பர் 15 பொருத்தமான நாள். 2027இல் அதற்கு 50 ஆண்டு நிறைகிறது. அன்று அண்ணா பிறந்தநாள் என்பதால் அரங்குகளும் அண்ணா சாலையும் கட்சிக் கூட்டங்களுக்குப் போயிருக்கும். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வைத்து, மாலை மழை பிடிப்பதற்குள் கலைந்துவிடுவது நல்லது.