ஊற்றினால்தான் வேலை செய்யும்: எங்கள் எம்சிடி டிடெக்டர்

எங்கள் ஆய்வகத்து எஃப்டிஐஆர் கருவியில், அதாவது மாதிரி எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் கருவியில், ஒளியைப் பிடிக்க இரண்டு டிடெக்டர்கள். அறைச் சூட்டிலேயே வேலை செய்யும் டிடிஜிஎஸ் சாது, சுவிட்சைப் போட்டால் போதும். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய எம்சிடி அப்படியில்லை. பாதரசம், காட்மியம், டெல்லூரியம் சேர்ந்த படிகம் அது. காலையில் திரவ நைட்ரஜன் ஊற்றாவிட்டால் அசையாது.

அதைக் குறை சொல்லவும் முடியாது. அகச்சிவப்பு ஒளிக்கு ஆற்றல் குறைவு. அதைப் பிடிக்கும் படிகத்தில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். அறைச் சூடே அதைத் தாண்ட வைத்துவிடும். 77 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரிக்கு இறக்கினால்தான் அந்தச் சலசலப்பு அடங்கும்.

அடங்கிவிட்டால் வேகத்துக்குக் குறைவில்லை. தங்கத் தகட்டில் ஒற்றை மூலக்கூறு அடுக்கு ஒன்றை டிடிஜிஎஸ்ஸில் அரை நாள் ஓட்டியும் இரைச்சல்தான் மிச்சம். எம்சிடியில் டீ குடித்து வருவதற்குள் உறிஞ்சல் பட்டைகள் தெளிவாக நின்றன. ஒளி அதிகமானால் மட்டும் திணறும். முன்னால் கம்பிவலை வைக்க வேண்டும்.

விற்றவர் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் வாங்கிய ரகத்துக்கு 650 அலையெண்ணுக்கு (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) கீழே கண் தெரியாது. என் துத்தநாக ஆக்சைடின் பட்டை 450 பக்கம். அதற்கு இன்றும் டிடிஜிஎஸ்தான்.

நைட்ரஜனைப் புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலில் கொதித்துத் துப்பும். கதவைத் திறந்து வையுங்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகி, அறையில் மூச்சுக்கு வேண்டிய காற்றை விரட்டிவிடும்.

புதிதில் ஒரு தடவை நிரப்பினால் எட்டு மணி நேரம் தாங்கியது. ஐந்தாம் வருடம் மூன்று மணி நேரத்தில் காலி. நைட்ரஜன் நிற்கும் வெற்றிடச் சுவர்க் குடுவையான டீவாரின் வெளிப்புறம் வேர்க்க ஆரம்பித்தது. அதே சமயம் என் மாதிரிகளில் மதியத்துக்கு மேல் 3250 அலையெண் அருகே ஒரு பட்டை வளர்ந்தது. மாதிரி ஈரம் உறிஞ்சுகிறது என்று நம்பி இரண்டு வாரம் அடுப்பில் காயவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாதிரியே வைக்காமல் ஓட்டிப் பார்த்தால், அப்போதும் பட்டை இருக்கிறது! வெற்றிடம் கசிந்து உள்ளே போன ஈரம், குளிர்ந்த டிடெக்டர் மேல் பனிக்கட்டியாகப் படிந்திருக்கிறது. காலையில் ஒப்பிடுவதற்காக மாதிரி இல்லாமல் எடுத்த பின்னணி அளவீட்டில் அது இல்லை, மதியம் சேர்ந்துகொண்டது.

மறுபடி வெற்றிடமாக்க அனுப்பி, திரும்பி வர இரண்டு மாதம். இப்போது ஏழரை மணி நேரம் தாங்குகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அந்த இரண்டு மாதத்தை மறக்க முடிந்தால் நான்கு.