புல்வெட்டி ஆயில் கசிவும் செக்காலை ரோட்டுக் கடையும்

கானாடுகாத்தான் வீட்டில் புல் வெட்டும் மெஷினைப் பின்கட்டில் நிறுத்துவேன். ஒரு நாள் காலையில் ஆத்தங்குடிக் கல் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஆயில். அப்பத்தா காலத்துத் தரை, மனசு பதறிவிட்டது.

முதலில் விசாரித்த இடத்தில் இன்ஜினையே மாற்றச் சொன்னார்கள். அப்புறம்தான் காரைக்குடி செக்காலை ரோட்டில் பம்புசெட் உதிரிபாகம் விற்கும் சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உடனே எதையும் விற்கவில்லை. "அண்ணே, ஆயில் அளவு கூடினாலும் கசியும். நல்லாத் துடைச்சிட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க. இன்ஜின் திடீர்னு ஓடாம இருக்க ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிட்டு, ஏர் ஃபில்டர் மேல வர்ற மாதிரி சாய்ச்சுப் பாருங்க" என்றார்.

பிளேடுக்கு மேலே, அதைச் சுற்ற வைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இன்ஜினிலிருந்து வெளியே வரும் இடம் ஈரம். அங்கே ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் போயிருந்தது. ஆயிலை வடித்து, பிளேடைக் கழற்றி, ஷாஃப்டில் கீறல் விழாமல் பழைய சீலை நெம்பி எடுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர் அதில் அச்சடித்திருந்த அளவைப் படித்து அதே அளவுப் புதுச் சீலைக் கொடுத்தார். சீலின் உள்விளிம்பில் ஆயில் தடவி, சீலின் அகலமே உள்ள குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்ட வேண்டும் என்று செய்தும் காட்டினார். இந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

இன்ஜினுக்கு ஊற்ற வேண்டிய எஸ்ஏஇ 30 ரக ஆயில் மட்டும் அங்கே இல்லை, வேறிடத்தில் வாங்கினேன். அரை லிட்டர் அளவுக்குத்தான் பிடித்தது, அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தே ஊற்றினேன்.

மூன்று வாரமாகிறது, ஒரு சொட்டுக்கூட இல்லை. கல்லில் பழைய கறைதான் இன்னும் போகவில்லை.