விசைச் சங்கிலி கிட்: படத்துக்கு முழு மார்க், மென்பொருளுக்குப் பாதிதான்

மணல், நெல், மாத்திரை என்று மணிமணியாக இருக்கும் எதை அழுத்தினாலும் விசை உள்ளே சமமாகப் பரவாது. சில மணிகள் பாரத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும், பக்கத்து மணி சும்மா உட்கார்ந்திருக்கும். பாரம் வாங்கும் மணிகளின் தொடரைத்தான் விசைச் சங்கிலி என்கிறோம். இதைக் கண்ணால் காட்டும் போட்டோஎலாஸ்டிக் (அழுத்தம் பட்ட இடத்தை ஒளிக் கோடுகளாகக் காட்டும்) கிட் ஒன்றை எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கினோம். குறைகளும் சொல்லப்போவதால் விற்றவர் பெயர் வேண்டாம். பெட்டியில் வருவது இவ்வளவுதான்: பாலியூரிதேன் ஷீட்டில் வெட்டிய இரண்டு அளவு வட்டுகள், ஒரு பக்கச் சுவரைத் திருகால் நகர்த்தக்கூடிய சட்டம், ஒளியை வட்டமாக முனைவாக்கும் (அதிர்வுத் திசை சுழலும்படி செய்யும்) சர்க்குலர் போலரைசர் ஃபிலிம் இரண்டு, எல்இடி பலகை, கணக்குப் போட ஒரு மென்பொருள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகை மெல்லத் திருப்பத் திருப்ப, இருட்டில் கிடந்த வட்டுகளுக்குள் வெளிச்சக் கோடுகள் கிளம்பி, கிளை பிரிந்து, எதிர்ச் சுவர் வரை ஓடுவது அபாரமான காட்சி. வட்டுகளை இரண்டு அளவில் தந்ததும் சரியான முடிவு, ஒரே அளவில் இருந்திருந்தால் எல்லாம் அறுகோண வரிசையில் அடுக்கிக்கொண்டு தாறுமாறான அடுக்கே கிடைக்காது.

எரிச்சல் ஃபிலிமில் ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கம் எது என்று ஒரு குறிகூட இல்லை. ஃபிலிமில் ஒட்டியிருக்கும் கால்-அலைத் தகடு (நேர்கோட்டு முனைவாக்கத்தை வட்டமாக மாற்றும் படலம்) இருக்கும் பக்கம் வட்டுகளைப் பார்த்து இருக்க வேண்டும், மாற்றி வைத்தால் வட்ட முனைவாக்கமே இருக்காது, விசையோடு சம்பந்தமில்லாத கறுப்புப் பட்டைகள் படத்தில் குறுக்கே வந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி: ஃபிலிமை முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்து அதன் வழியாகப் பாருங்கள், நன்றாகக் கறுத்துத் தெரிந்தால் கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் கால்-அலைப் பக்கம். சில வட்டுகளில் வெட்டியபோது ஓரத்தில் தங்கிப்போன தகைவும் (உள் இறுக்கமும்) இருக்கிறது, அழுத்தாமலே விளிம்பு மினுங்கும். அவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள்.

இதெல்லாம் போகட்டும். என் பெரிய புகார் மென்பொருளைப் பற்றி. ஒவ்வொரு வட்டுக்குள்ளும் பிக்சலுக்குப் பிக்சல் வெளிச்சம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து, அதன் வர்க்கத்தின் சராசரியை எடுத்து, அதை விசையாக மாற்றுகிறது. முறை புதிதல்ல, குறைந்த அழுத்தத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கிடைப்பது ஒரு வட்டின் மேல் மொத்தமாக எவ்வளவு பாரம் என்பதுதான், ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் எவ்வளவு விசை என்பது இல்லை. அதை வைத்து ஹிஸ்டோகிராம் போட்டுவிட்டு ‘தொடுவிசைப் பரவல்’ என்று தலைப்பு கொடுப்பது தப்பு. ஒரு வட்டில் மூன்று நான்கு தொடுபுள்ளிகள் ஒன்றாகச் சேரும்போது பரவல் ஒடுங்கிவிடும், நாம் தேடுகிற வாலே, அதாவது மிகப் பெரிய விசைகள் விழும் பரவலின் கடைசிப் பகுதியே, சுருங்கிப்போகும்.

அந்த வாலுக்காகத்தான் இத்தனை பாடும். 1995இல் சிகாகோவில் இயற்பியலாளர் நேகல் குழுவினர் கண்ணாடி மணிகளுக்கு அடியில் கார்பன் பேப்பர் வைத்து, பதிந்த புள்ளிகளின் அளவிலிருந்தே விசையைக் கணித்தார்கள். அவர்கள் கண்டது: சராசரியைப் போலப் பல மடங்கு விசைகளின் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில்தான் (விசை ஒரே அளவு கூடக்கூட ஒரே விகிதத்தில்) குறைகிறது, அதாவது காஸியன் (மணி வடிவப் பரவல்) கணக்கில் எதிர்பார்ப்பதைவிட அவை நிறையவே இருக்கும். கார்பன் பேப்பரால் ஓரத்தை மட்டுமே பார்க்க முடியும். உள்ளே பார்த்தவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தின் மஜ்முதாரும் பெரிங்கரும், 2005இல், இதே மாதிரி வட்டுகளை வைத்து. ஒரு திசையில் அமுக்கி மறு திசையில் தளர்த்தி நறுக்குவிசை (வடிவத்தைக் கோணலாக்கும் விசை) கொடுத்தால் நீண்ட வால் வந்தது, எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கினால் வால் சட்டென்று விழுந்தது. இந்த கிட்டில் ஒரு சுவர்தான் நகரும் என்பதால் இரண்டாவது சோதனையைச் செய்யவே வழியில்லை. அட்டையில் அதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, ஒரே படத்தை வைத்து வால் இப்படி, வால் அப்படி என்று பேசக்கூடாது. பரவல் சரியான அடுக்குக்குறி என்றே வைத்துக்கொண்டாலும் சராசரியைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகும் விசைகள் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. 500 தொடுபுள்ளிகளில் ஒன்பது. அந்த ஒன்பதை வைத்து என்ன கோடு வரைவது? தளர்த்தி, கலைத்து, மறுபடி அழுத்தி, நிறையப் படங்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சங்கிலி வேறு இடத்தில் ஓடும், பரவல்தான் மாறாமல் நிற்கும். மென்பொருளிலோ பல படங்களைச் சேர்க்கும் வசதியே இல்லை.

அதனால் பொருளை வாங்கலாம், மென்பொருளை விட்டுவிடுங்கள். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இருந்தால் அதில் ஓடும் பெக்ஸ் (PEGS) என்ற இலவச நிரல் கிடைக்கிறது. தொடுவிசைகளை ஊகித்து, அதற்கு வரவேண்டிய வெளிச்சக் கோடுகளைக் கணக்கிட்டு, படத்தோடு பொருந்தும்வரை திருத்திக்கொண்டே போகும். மெதுவாகத்தான் ஓடும், நல்ல கேமராவும் பச்சை வெளிச்சமும் கேட்கும். அப்புறம், பாலியூரிதேன் நாளாக ஆக மஞ்சளித்து இறுகும், அளவுத்திருத்தத்தை (எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு விசை என்ற சரிபார்ப்பை) அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள். வகுப்பில் காட்ட மட்டும் என்றால் எதையும் யோசிக்காமல் வாங்கலாம்.